இரண்டு கோடு சிக்னல்

பில் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து
நாலு கட்டம் போட்டாள் செலின்.
தேவகோட்டையிலிருந்து பஸ்ஸேறி வந்தவள்
வார்னிஷ் நெடிக்கு மூக்கைச் சுளிக்கவில்லை.
அதிலேயே எனக்குப் பாதி சம்மதம்.

"முதல் கட்டத்தில் என்ன வரணும்?"
எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்:
நிறுவனம் தொடங்கிய ஆண்டு,
எமது நோக்கம், எமது தரம்,
கும்பிட்ட கையோடு என் படம்.
அவள் கேட்டுக்கொண்டே
ஸ்டேட்டர் காடிக்குள் சோலை
செம்புக் கம்பி இறக்குவதைப் பார்த்தாள்.
"உங்களைத் தேடுகிறவர்
எந்த நேரத்தில் தேடுவார்?"

இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.
மோட்டார் எரிகிற நேரத்தில், என்றேன்.
அவித்த நெல் தொட்டியில் கிடக்க
எலிவேட்டர் நின்றுபோன புதுவயல் மில்காரர்,
விடிந்தால் கல்யாணம் என்கிற ராத்திரி
மேல்தொட்டி வற்றிய வீட்டுக்காரர்,
கதிர் பால்பிடிக்கிற வாரத்தில்
போர் மோட்டார் உறுமி அடங்கிப்போன ஆள்.
அவர் கை முழுக்கச் சேறு.
ஒரு விரல்தான் காய்ந்திருக்கும்.

"அந்த ஒரு விரலுக்குத்தான் இந்தப் பக்கம்"
என்று என் கும்பிட்ட கையை அடித்தாள்.
அந்த இடத்தில் போன் நம்பர்,
கட்டைவிரல் அகலத்துக்கு.

பெயரில் ஒரு மணி நேரம் போனது.
கொப்புடை காயில் ஒர்க்ஸ்.
இங்கிலீஷில் ஒரு பி-யா, ரெண்டு பி-யா?
போர்டில் ரெண்டு, ரசீதில் ஒன்று,
ஜி.எஸ்.டி.யில் என் பெயரே தப்பு.
ரெண்டையும் வாங்கிப் போடலாம் என்றாள்.
"வருஷா வருஷம் கட்டணுமா?"
"ஆமா."
அம்மன் பெயருக்கு வாடகையா என்று
சோலை கம்பிக்குள்ளிருந்து சிரித்தான்.

மேலே மட்டும் ஒரு படம் கேட்டாள்.
செட்டிநாடு என்றால் எதிர்பார்க்கிறார்களாம்:
தேக்குத் தூண், வளவு, கண்ணாடிச் சன்னல்.
அந்த வளவுக்கு நான் போயிருக்கிறேன்,
பக்கத்துச் சந்து வழியாக,
அஞ்சு ஹெச்.பி.யைத் தோளில் ஏற்றிக்கொண்டு
பின்கட்டுக் கிணற்றடிக்கு.
தூண் என் வேலையில்லை, தாயி.
வேணும்னா கிணற்றைப் போடு.

விலையில் சண்டை வந்தது.
பிரித்துப் பார்க்காமல் விலை சொல்கிறவன்
பொய் சொல்கிறான் என்றேன்.
"பிரித்துப் பார்க்க எவ்வளவு? அதைப் போடுங்க."
நூற்றைம்பது.
வேலை கொடுத்தால் அதுவும் கழியும் என்று
வாய் சும்மா இராமல் நானே சேர்த்தேன்.
ஏ.சி., பிரிட்ஜ் பார்ப்பதில்லை என்றும் எழுதச் சொன்னாள்.
இல்லை என்பதை எழுதி வைக்கக்
கையெழுத்துப் போடுவதுபோல் தயங்கினேன்.
மேப்பில் எங்கள் கடை
கண்மாய்க்கு நடுவே மிதந்தது.
இழுத்துக் கரையேற்றினாள்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தாள்.
கடை வைபையில் எல்லாமே அழகு.
"இங்கே பார்த்து என்ன புண்ணியம்?"
வண்டியை எடுக்கச் சொன்னாள்.
கண்டனூர்ப் பக்கம் வயலுக்குள்
ஒரு மோட்டார் ரூம், மேல்கூரைத் தகரம்,
சிக்னல் இரண்டு கோடு, அதிலும் ஒன்று சந்தேகம்.

வாய்க்காலில் கையை நனைத்து
மண்ணில் புரட்டிக்கொண்டாள்.
ஒரு விரலை மட்டும் சுடிதாரில் துடைத்து
அவள் போனில் திறந்தாள்.
படம் இருந்த இடத்தில் சாம்பல் சதுரம்.
நம்பர் மட்டும் வந்துவிட்டது.
தொட்டாள்.

என் சட்டைப்பையில் மணி அடித்தது.
நாலடி தள்ளி நிற்கிறவளிடம்
ஹலோ சொல்வதா என்று ஒரு நொடி கூச்சம்.
"அண்ணே, மோட்டார் ஓடலை."
"எந்த ஊரும்மா?"
பழக்கத்தில் வந்த கேள்வி.
அவள் நிமிர்ந்து பார்த்தாள்.
பையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து,
சேற்று விரலாலேயே
ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள்.

அதற்குள் கிணறு
மேலிருந்து வரி வரியாக இறங்கி
தண்ணீர் மட்டம் வரை வந்திருந்தது.